கேள்வி கேட்காத கம்ப்யூட்டர்

போன வாரம் என் மகள் கண்ணாடிக் கடையில் ஒரு கருவியின் தாங்கியில் முகத்தைப் பொருத்தி, நாடியை ஊன்றி உட்கார்ந்தாள். அவள் எழுந்தபோது, வெகு நாட்களாகவே அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது வெளிவந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ பயப்படுவம்மா" என்றாள். உண்மைதான். அவள் இருமினாலே இணையத்தில் தேடுகிறவள் நான். அத்தனை தேடியும் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கை ஒரு வேலையில் நிலைக்கவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புகிறேன். இந்த நிலைகொள்ளாமையில், அருப்புக்கோட்டையில் நான் பார்த்த இன்னொரு மிஷின்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் இருந்தது. அக்கா என்னைவிட மிகவும் மூத்தவள். எட்டத்தில் இருப்பது எதுவும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேசுவதில்லை. கிட்டத்துப் பார்வையில் குறை இல்லாததால் ஊசியில் நூல் கோர்ப்பாள், அரிசியில் கல் பொறுக்குவாள், வெளியாட்களுக்குச் சந்தேகமே வராது. பஸ் போர்டை நான் படித்துச் சொல்வேன். சர்ச்சில் சுவரில் மாட்டிய பாட்டு எண்ணைப் பார்த்து அவள் காதில் ஓதுவேன். எனக்கு அதில் பெருமைகூட உண்டு. கண்ணாடி என்ற பேச்சை மட்டும் அம்மா எடுக்க விடமாட்டாள். "மொதல்ல கல்யாணம் முடியட்டும். பெறகு அவுக வாங்கிக் குடுத்துக்கிறட்டும்" என்பாள்.

பந்தல்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு லாரி ஆபீஸில் வேலை. தாயில்லாதவர் என்பதால் அவருடைய அத்தை வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அக்கா காப்பி கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. புறப்படும்போது அந்த அத்தை தெருமுனையில் வேன் ஓரமாக நின்று அக்காவைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். அக்கா வாசலில் அசையாமல் நின்றாள். பக்கத்தில் நான் இல்லை. கொழுக்கட்டைத் தட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போயிருந்தேன்.

இரண்டொரு நாளில் அத்தை தனியாக வந்தாள்.

"பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல மதினி. ஆனா நான் கையாட்டுறேன், மரம் மாதிரி நிக்குது. திமிருன்னா பரவால்ல, எங்க வீட்டுக்கு வந்தா அது தானா எறங்கிரும். கண்ணுன்னா இப்பயே சொல்லிருங்க."

"கண்ணுக்கு என்ன மதினி, கூச்சம்" என்றாள் அம்மா.

"அப்பச் சரி. டவுனுல புதுசா கம்ப்யூட்டர்ல கண்ணு பாக்குறாகளாம். ஒரு எட்டு போய்ப் பாத்துருவோம். நமக்கும் மனசு தெளிஞ்சிரும்ல."

அம்மா அதற்கு அசரவில்லை. கண் பரிசோதனை என்றால் அவளுக்குச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டைதான். "கம்ப்யூட்டர்னாலும் எழுத்தத்தானடி காட்டணும்" என்று அக்காவுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, மறுநாளே என்னை டவுனில் அந்தக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று நெடுநேரம் பேரம் பேசினாள். அப்பாவுக்கு அப்போது மில்லில் ராத்திரி ஷிப்ட். அதற்குள் நான் சுவரில் தொங்கிய அட்டையில் இருந்த எழுத்துக்களை மேலிருந்து கீழாக மனதில் ஏற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல, அக்கா அதை பைபிளின் சங்கீதத்தை மனப்பாடம் செய்வதுபோல் படித்தாள். கடைசி வரியில் மட்டும் ஒன்றிரண்டை விழுங்கிவிடச் சொன்னாள் அம்மா. எல்லாவற்றையும் சொன்னால் சந்தேகம் வருமாம்.

குறித்த நாளில் கடைக்குப் போனோம். பஸ்ஸில் அம்மா முந்தானையை இழுத்து இழுத்துச் சொருகிக்கொண்டே வந்தாள். அக்காவின் உதடு விடாமல் அசைந்தது. அத்தை எங்களுக்கு முன்பே வந்து கடை வாசலில் நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், சாமான் மேல் போடுவதுபோல் பூப்போட்ட துணி போர்த்திய ஒரு பெட்டி. கடைக்காரர் துணியை எடுத்தார். நான் எட்டிப் பார்த்ததால் என்னை முதலில் பார்க்கவிட்டார். உள்ளே நீளமான ரோடு ஒன்று. அது முடிகிற இடத்தில், வானத்தில் ஒரு பலூன்.

அக்கா நாடியை வைத்தாள். "அந்த பலூனையே பாருங்க" என்றார். பெட்டி லேசாக முனகியது. பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வெளியே வந்தது. அவர் அதைக் கிழித்துப் பார்த்தார்.

"எழுத்து எப்பத் தம்பி காட்டுவீக?" என்றாள் அம்மா.

"அதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் சொல்லிருச்சும்மா. ரெண்டு கண்ணுலயும் எட்டத்துப் பார்வை ரொம்பக் கொறைச்சல். இத்தன நாளு எப்படிச் சமாளிச்சாக?"

ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு மிஷின் பதிலைச் சொல்லிவிடும் என்று நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை. அத்தை எழுந்தாள். "நல்ல மிஷினுதான். வாரேன் மதினி, பஸ்ஸு போயிரும்" என்று செருப்பை மாட்டினாள். அம்மா செருப்புக்கூடப் போடாமல் அவள் பின்னால் ஓடினாள்.

கடைக்காரருக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. ஒரு கனத்த இரும்புச் சட்டத்தில் வட்டச் சில்லுகளைச் செருகி அக்காவின் மூக்கில் மாட்டினார். அட்டையைக் காட்டினார். அவள் மனப்பாடம் செய்ததை மறந்தவள் போல, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் படித்தாள். கடைசி வரியில் எதையும் விழுங்கவில்லை.

"வாசல்ல நின்னு வெளிய பாருங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

அக்கா படியில் நின்றாள். தலை அங்கும் இங்கும் திரும்பிக்கொண்டே இருந்தது. தூரத்தில் வருகிற பஸ்ஸைப் பார்த்து, "பாலவனத்தம் வழி" என்று எனக்கு முன்னால் படித்தாள். எதிர்மாடியில் காயும் சேலையின் கரை, கம்பியில் மாட்டிக் கிழிந்த காற்றாடி, பூக்காரியின் மூக்குத்தி. "இம்புட்டு இருக்காடி வெளிய" என்று சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இனி என் வேலை போய்விடும் அல்லவா.

பிறகு அவள் தலை ஒரு பக்கமாக நின்றுவிட்டது. நானும் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், சோடாக்கடைக்கு அருகில், அம்மா அந்த அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குனிந்து அந்தக் கைகளைத் தன் கண்ணில் ஒற்றினாள். அத்தை பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நின்றாள்.

அம்மாவின் அந்த முகம் எனக்குப் புதிதல்ல. மில் வாசலில், பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் எல்லாம் பார்த்திருக்கிறேன். எங்களிடம் திரும்பி நடந்து வரும் தூரத்துக்குள் முந்தானையால் துடைத்து, வேறொரு முகத்தோடு வந்து சேர்வாள். வந்து சேர்கிற முகத்தை மட்டும்தான் அக்கா அதுவரை பார்த்திருக்கிறாள். இதை எழுதும்போதுதான் எனக்கே இது உறைக்கிறது.

அக்கா இரும்புச் சட்டத்தைக் கழற்றிக் கடைக்காரரிடம் நீட்டினாள். "வேணாம்ணே. போட்டா தலை சுத்துது. இது இல்லாமயே எனக்கு நல்லாத் தெரியுது."

அம்மா வந்தாள். "அவுக நல்லபடியாத்தான் பேசிட்டுப் போறாக" என்றாள். "சரிம்மா" என்று அக்கா சிரித்தாள்.

எனக்கு அந்த மிஷின் மேல்தான் கோபம் வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: டவுனுக்கு வந்திருக்கும் கம்ப்யூட்டர் சுத்த டூப்பு, எங்கள் அக்காவுக்குத் தெரியாததைத் தெரியவைக்கிறேன் என்று சொல்லி ஏதோ ஒன்றை மாட்டிவிட்டது, பாவம், அவளுக்குத் தலைசுற்றியதுதான் மிச்சம் என்று.