அக்கா பாதியில் விட்ட சுவர்

எங்கள் வீட்டு சாமி மாடத்தைப் பூசியவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருவொற்றியூரில் நாங்கள் ஒற்றை அறை வீடு கட்டியபோது, கொத்தனார் வேறு வேலை கிடைத்து மாடத்தைச் செங்கல் தெரிய விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். சாமி இருக்கப்போகிற இடம் என்று செருப்பை வாசலிலேயே விட்டாள். மீந்துகிடந்த சிமெண்டைச் சலித்த மணலோடு குழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்ன வளைவைப் பூசினாள். இன்றைக்கும் விளக்கேற்றும்போது விரலால் தடவிப் பார்ப்பேன். எங்கேயும் ஒரு மேடு பள்ளம் தட்டாது.

ஆனால் அக்கா கொத்தனார் இல்லை, சித்தாள். எங்கள் பக்கம் பொம்பளை கட்டட வேலைக்குப் போனால் மணலும் கலவையும் சுமக்கத்தான் போவாள். பூசுகிற கரண்டி ஆம்பளை கையில் இருக்கும். இது யாரும் போட்ட சட்டம் இல்லை, வழக்கம். அந்த வழக்கத்துக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. கொத்தனார் டீக்குப் போகும்போது, “யக்கா, காயறதுக்குள்ள அந்த ஓரத்த இஸ்துவுடு” என்று சொல்லிவிட்டுப் போவார். போனவர் சட்டென்று வரமாட்டார். அக்கா தலையிலிருந்த கலவைப் பாண்டை இறக்கிவைத்துவிட்டு, ஓரத்தில் ஆரம்பித்து முக்கால் சுவரைப் பூசி முடித்திருப்பாள். அவர் வந்து மேலாக ஒரு தேய்ப்பு தேய்த்தால் அது அவர் பூசிய சுவர் ஆகிவிடும். அக்கா மறுபடி பாண்டைத் தலையில் ஏற்றிக்கொள்வாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே தொடங்கி, புருஷன் தவறிப்போய், இரண்டு பெண்கள் வளர்ந்து நின்றபோதும் அப்படியேதான் போய்க்கொண்டிருந்தாள்.

சுனாமி வந்துபோன சமயத்தில் அவள் கழுத்து நோக ஆரம்பித்தது. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் உடம்போடு திரும்புவாள். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் ஒரு குடம்கூட வைக்கக்கூடாது, மீறினால் கை விளங்காமல் போகும் என்று சொன்னார். அக்கா வெளியே வந்து, “தலயில வெக்காம இன்னாத்த வெச்சி சோறு துன்றது?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ஒரு வழி திறந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களானாலும், கையில் தொழில் இருந்தால் செய்து காட்டலாம், பார்த்துவிட்டுப் பூச்சுக் கொத்தனார் என்று சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள் என்று கட்டடத் தொழிலாளர் சங்கத்து அம்மா ஒருவர் வந்து சொன்னார். காத்திவாக்கம் பக்கம் கடலோரத்து ஜனங்களுக்கு வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சர்ட்டிபிகேட் இருந்தால் பொம்பளையையும் பூச்சு வேலைக்கு எடுப்போம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். கரண்டி பிடிக்கிறவர் தலையில் எதையும் சுமக்க வேண்டாம். அக்காவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வேலை இடத்தில் செய்தி பரவியதும் மேஸ்திரி கேட்டாராம்: “இன்னாக்கா, சுவத்துக்குப் பூசப்போறியா, மூஞ்சிக்குப் பூசப்போறியா?” அக்கா விடவில்லை. “உன் மூஞ்சிக்குத்தான் மேஸ்திரி. வெடிப்பு ரொம்ப கீது.” அதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்கு எங்கள் வீட்டில் சிரித்தோம். அவளுடைய பெரிய பெண், “கொத்தனாரம்மா, சாப்ட வா” என்று கூப்பிட்டாள். நான் மூன்று வெள்ளிக்கிழமை வடிவுடையம்மனுக்கு விளக்கு போட்டேன். சோதிக்க வருகிறவர் நல்லவராக இருக்கவேண்டும், அன்றைக்கு மட்டும் கழுத்து நோகக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

டெஸ்ட் மாதவரத்தில், ஒரு பெரிய கொட்டகையில். துணைக்கு நானும் போனேன். வந்தவர்கள் எல்லாம் ஆம்பளைகள், அக்கா ஒருத்திதான் பொம்பளை. ஆளுக்கு ஒரு பங்கு சுவர். எல்லோருக்கும் கலவை கொண்டுவந்து போட ஒரே ஆள். எங்களை மாதிரி கூட வந்தவர்களைக் கயிற்றுக்கு இந்தப்புறம் நிறுத்திவிட்டார்கள். விசில் ஊதியதும் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு, சுவரை நனைத்து, கலவையை வீச ஆரம்பித்தாள். கீழே சிந்தவே இல்லை. மட்டக்கட்டையை வைத்து இழுத்தபோது என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர், “யாரு இந்தம்மா? ஷோக்கா இய்க்குது” என்றார். நான் தாயே, தாயே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இனிமேல் ஈரம் இருக்கும்போதே கட்டையால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். காய்ந்துவிட்டால் பூச்சு கட்டைக்கு வராது. அந்த நேரம் பார்த்துக் கலவை போடுகிற ஆள் தண்ணீர் பிடிக்க எங்கேயோ போயிருந்தான். பக்கத்துச் சுவர்க்காரர் சின்ன வயசு. சுவரைப் பார்த்தபடியே, கண்ணோரம் தெரிந்த சேலையை நினைத்துத்தானோ என்னவோ, “யம்மோவ், கலவை!” என்று ஒரு குரல் கொடுத்தார்.

அக்கா கட்டையைக் கீழே வைத்தாள். போய்க் குவியலில் பாண்டை நிரப்பினாள். தலையில் ஏற்றிக்கொண்டு வந்து அவரிடம் கொட்டினாள். அடுத்த சுவரில் இருந்தவர், “இங்க ஒண்ணு போடு” என்றார். அங்கேயும் போட்டாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “யக்கா! உன் சுவரு! உன் சுவரு காயுது!” என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து, இரு வரேன் என்று கையைக் காட்டினாள். அந்த முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. தினமும் வேலையில் பார்க்கிற அதே முகம்.

சோதிக்கிறவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அக்காவின் சுவருக்கு முன்னால் நின்றார். “இந்தச் சுவத்துக்காரர் எங்கப்பா?” என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார். அக்கா பாண்டும் தலையுமாக அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“நான்தான் சார்.”

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. “ஏம்மா, உன் சுவத்த வுட்டுட்டு அங்க ஏன் தூக்கிப் போடற?” அக்கா ஓடிப்போய்க் கட்டையை எடுத்துத் தேய்த்தாள். பூச்சு இறுகிவிட்டிருந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தாள். திட்டுத் திட்டாகப் பெயர்ந்து வந்தது. விசில் ஊதிவிட்டார்கள். ஆறு மாசம் கழித்து மறுபடி வா என்றார் அவர், அன்பாகவே.

அந்தச் சின்ன வயசுக்காரர் தேறிவிட்டார். வெளியே வந்து அக்கா முன்னால் நின்று, “நீயும் டெஸ்டுக்கு வந்தவன்னு தெர்லம்மா. தப்பா நெனச்சுக்காத” என்றார். “பரவால்ல நைனா. உன் சுவரு நல்லா வந்துகீது” என்றாள் அக்கா. அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸை விட்டு டோல்கேட்டில் இறங்கப்போகும்போது, “நானா போவலடி. காலு தானா போச்சு” என்றாள்.

அடுத்த வாரமே மறுபடி சித்தாள் வேலைக்குப் போனாள். போகாதே என்று சொன்னோம். வேறு எங்கே போவது என்று கேட்டாள். ஆறு மாசம் ஆவதற்குள், ஒரு மத்தியானம் சாரத்துக்குக் கீழே நிற்கும்போது அவளுடைய வலது கை தொங்கிவிட்டது. திரும்ப டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கையில் கரண்டி நிற்கவில்லை.

நான் கேட்டதையெல்லாம் அம்மன் கொடுத்தாள். சோதித்தவர் நல்லவர்தான். கழுத்தும் அன்றைக்கு நோகவில்லை. இவள் காதில் யார் குரலும் விழாமல் இருக்கட்டும் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் மட்டும் கொடுத்திருப்பாளா? இப்போதும் வெள்ளிக்கிழமை போகிறேன். எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை. சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

அக்காவால் தலை வாரிக்கொள்ள முடியாது. பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள்; காலையில் நான்தான் போய் வாரிவிடுகிறேன். உச்சியில் சுமை உட்கார்ந்த இடத்தில் முடியே கிடையாது. சீப்பு அங்கே வழுக்கிக்கொண்டு போகும். சுற்றியிருக்கிற நரைமுடியை இழுத்து அதை மூடி, பின்னுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நேற்றும் பாதி பின்னும்போதே, கழுத்தைத் திருப்ப முடியாமல் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்குப் போதும் வுடுடி. நீ போயி உன் வேலயப் பாரு.”