வெள்ளிக்கிழமை மட்டும் பலித்த மருந்து

நான் செய்தால் மருந்து பலித்தது. அவள் செய்தால் பலிக்கவில்லை. ஆறு மாதமாக எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய மண்டையையும் குடைந்த விஷயம் இதுதான்.

நான் அங்கே பன்னிரண்டு வருடமாக ஆய்வு உதவியாளன். அவள் முனைவர் பட்ட மாணவி, இங்கேயே தோ பாயோ வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கணையம் திடீரென்று வீங்கிப் புண்ணாகும் நோய்க்கு மருந்து தேடுவது அவள் வேலை. சுண்டெலிக்கு மணிக்கு ஒன்றாக ஏழு ஊசி போட்டால் அதன் கணையம் வீங்கிவிடும். ஒரு கூட்டு எலிகளுக்கு ஊசி மட்டும், இன்னொரு கூட்டுக்கு ஊசியோடு மருந்தும். கடைசி ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் இரத்தம் எடுப்போம். எலியின் கதை அதோடு முடியும். அந்த இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இரண்டு மூன்று பொருட்களை அளப்போம். மருந்துக் கூட்டில் அளவு குறைந்திருந்தால் மருந்து பலிக்கிறது என்று அர்த்தம்.

அவள் வருவதற்கு முன்பே நான் செய்து காட்டியிருந்தேன். அளவு பாதியாகக் குறைந்திருந்தது. அதை நம்பித்தான் பேராசிரியர் அவளுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தார். இரண்டு வருடம் மற்ற பாடங்களை முடித்துவிட்டு அவளே எலியில் கைவைத்தபோது இரண்டு கூட்டிலும் ஒரே அளவு வந்தது. மறுபடி செய்தாள், அதேதான். சரி, நீங்கள் செய்யுங்கள் என்று என்னிடம் கொடுத்தார்கள். எனக்குப் பாதியாகக் குறைந்தது. அவள் செவ்வாய்க்கிழமை செய்வாள், நான் எப்போதும்போல வெள்ளிக்கிழமை. விலங்கறையில் எங்களுக்குக் கிடைத்த நாட்கள் அவை.

மருந்துப் புட்டியை மாற்றிப் பார்த்தோம். எலிகளின் வயதைப் பார்த்தோம். தீவனம், தண்ணீர், விளக்கு எரியும் நேரம் என்று எதையும் விடவில்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரியாதபோது மனிதன் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகப்படுவான். அவள் கை சரியில்லை, வயிற்றில் போடும் ஊசி குடலில் இறங்குகிறது என்று பேராசிரியர் சொன்னார். நான் மறுக்கவில்லை. பன்னிரண்டு வருடக் கை என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் அவளுக்குச் சரிவரவில்லை என்றால் முனைவர் பட்டத்திலிருந்து விலக்கிவிடுவதாகப் பேச்சு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க செய்றத முழுசா ஒரு தடவ பாக்குறேன். ஓகேவா?"

"பாரும்மா. ஊசிய எப்படிப் பிடிக்கிறேன்னு பாத்துக்க."

அவள் என் கையைப் பார்க்கவில்லை, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குக் கடைசி ஊசி. பன்னிரண்டரைக்கு மருந்தில்லாத முதல் கூட்டில் இரத்தம் எடுத்தேன். அது முடியும்போது ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வழக்கம்போல மருந்துக் கூட்டை அப்படியே வைத்துவிட்டு, பஸ் பிடித்துத் தேக்காவிலுள்ள பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மணி இரண்டே முக்கால். அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"எல்லா வாரமும் இந்தக் கூட்ட நீங்க வந்தப்புறம்தான் எடுப்பீங்களா அண்ணே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நிறுத்திச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசி ஊசிக்குப் பிறகு நேரம் போகப் போக அந்த அளவுகள் தானாகவே இறங்கும். இது எனக்குத் தெரியும், புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். முதல் கூட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தும், மருந்துக் கூட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்தும் இரத்தம் எடுத்திருக்கிறேன். குறைத்தது மருந்து இல்லை, கடிகாரம்.

பழியைத் தொழுகையின் மேல் போட முடியாது. தொழுகைக்கு முன்னால் இரண்டு கூட்டையும் முடிக்கிற மாதிரி இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கியிருக்கலாம். தொழுதுவிட்டு நேராகவும் வரவில்லை. பிரியாணி வரிசையில் நின்றேன், ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்தேன். நோட்டில் எலியின் எடை, மருந்தின் அளவு எல்லாம் எழுதியவன், இரத்தம் எடுத்த மணியை மட்டும் ஒரு வாரமும் எழுதவில்லை. 'முறைப்படி' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். அந்தச் சொல்லை அன்று பக்கம் பக்கமாகப் பார்த்தபோது என் மேலேயே ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை பேராசிரியரின் அறையில் தப்பு என்னுடையது, அவள் கையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சரியான நேரத்தில் இன்னொரு முறை இருவரும் சேர்ந்து செய்யுங்கள் என்றார். செய்தோம். அவள் ஊசி போட்டாள், நான் நேரம் குறித்தேன். இரண்டு கூட்டிலும் ஒரே அளவு.

அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பழி நீங்கியது, வாழ்த்துச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் செய்தது சரி என்றால் மருந்து பொய். மருந்து பொய் என்றால் அவளுடைய ஆய்வேட்டில் எழுத ஒன்றும் இல்லை.

"அப்ப நான் மொதல்லேருந்து கரெக்டாதான் செஞ்சிருக்கேன், இல்ல அண்ணே?"

"ஆமாம்மா."

"இப்ப நான் என்ன எழுதுறது?"

பன்னிரண்டு வருடத்தில் அந்த ஆய்வுக்கூடத்தில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று நான் முதல்முறையாகச் சொன்னது அன்றுதான்.