ஒன்பது கூட்டிச் சொன்ன இடம்

தம்பிக்குப் பெரிய திரைதான் வேண்டுமாம். ஏழு அங்குலம், கலர், விரலால் தொட்டு நகர்த்துகிற மாதிரி. பக்கத்து வீட்டுப் படகில் அப்படி ஒன்று மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறி வந்து, என் கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அடம்பிடித்தான். முப்பத்தாறு வயது ஆள். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன்.

"மீன் செதிலோட ஈரக் கையால தொட்டா அது ஒன் பேச்சக் கேக்குமாடா?" என்றேன். "ஒரு எடத்தத் தொட்டா இன்னொரு எடத்துக்கு ஓடும். பட்டன் வச்சதுதான் ஒனக்கு லாயக்கு."

"பட்டன் வச்சதெல்லாம் பழசுக்கா."

"நீயும் பழசுதான்டா."

நான் தரங்கம்பாடியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு கும்பகோணத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வயல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர், வீட்டுக்கு இன்வெர்ட்டர், கல்யாண மண்டபத்துக்குக் கேமரா. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் நடவு முடிகிறவரைக்கும் சாப்பிட நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஒயர் உள்ள எந்தப் பொருளானாலும், இங்கிலீஷில் அச்சடித்த எந்தக் காகிதமானாலும் நான் சொன்னதுதான் முடிவு. அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் பட்டன் வைத்த சின்ன ஜிபிஎஸ்தான் வாங்கினோம். கூடவே ஆழம் பார்க்கிற எக்கோ ஒன்று, பேசுவதற்கு ஒரு வாக்கி-டாக்கி. மாட்டுவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மற்றப் படகென்றால் ஒரு நாளில் முடிந்திருக்கும். தம்பியின் படகில் பாய் இருந்தது. ஊரில் எல்லோரும் எஞ்சின் வைத்துப் பாயைத் தூக்கிப் போட்டுப் பல வருஷம் ஆகிறது. இவன் மட்டும் எஞ்சினும் வைத்துக்கொண்டு, மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும் பாயை விரித்துக் கரைக்கு வருவான். கேட்டால் எண்ணெய் மிச்சம் என்பான். எண்ணெயாவது ஒன்றாவது. அவனுக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான். படகில் கூடப் போகிற எங்கள் தாய்மாமா, "எண்ணெய்ச் செலவ நான் தர்றேன், அந்தத் துணிய மடக்குடா" என்று கத்துவார்.

பாய்மரத்தின் உச்சியில் ஏரியலைக் கட்டினால் வெகுதூரம் பேசலாம். ஆனால் வலை இழுக்கும்போதெல்லாம் அந்த மரத்தைக் கழற்றிப் படுக்க வைக்கிறார்கள். ஆகவே பின்பக்கம் தனியாக ஒரு குழாய் நட்டு அதில் ஏரியலை ஏற்றினேன். பாய் அந்தப் பக்கம் திரும்பும்போது குழாயில் சிக்காமல் இருக்க நாலு விரற்கடை இந்தப் பக்கம், நாலு விரற்கடை அந்தப் பக்கம் என்று மூன்று முறை மாற்றி ஓட்டை போட்டேன். எக்கோவின் சென்சார் கட்டியை வெளியே தொங்கவிட்டால் வலை மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். படகின் உள்பக்கத் தரையிலேயே பசை ஊற்றி ஒட்டினேன். பசைக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் ஆழம் தப்பாகக் காட்டும். குப்புறப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். அந்த வேலையில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது.

பிறகு அவன் தன் கவலையைச் சொன்னான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடலடியில் பாறை இருக்கிற இடம், மீன் கூடுகிற இடம், இவற்றின் ஜிபிஎஸ் எண்ணை உயிர் போனாலும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். பாயிண்ட் என்பார்கள் அதை. கூடப் பிறந்தவனிடம்கூட மூச்சு விட மாட்டார்கள். ஜிபிஎஸ் கெட்டுப்போனால், உள்ளே இருக்கிற பாயிண்ட்டை எல்லாம் எழுதிக்கொண்டு, அழித்துவிட்டுத்தான் ரிப்பேருக்கே கொடுப்பார்கள். அழிக்க முடியாதபடி கெட்டுவிட்டால் கொடுக்கவே மாட்டார்கள், பரண்மேல் கிடக்கும். வாக்கி-டாக்கியிலோ கரையோரம் முழுக்க எல்லோர் காதும் திறந்திருக்கும். தம்பி மனைவிக்கு அவன் எங்கே வலை விட்டிருக்கிறான் என்று தெரிந்தால்தான் சோறு இறங்கும். அவளுக்காக மொட்டைமாடியில் ஏரியல் நட்டு வீட்டிலும் ஒரு செட் வைத்தேன். அவளுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. என்ன செய்வது?

"வடக்கு எண்ணோட ஒன்னு கூட்டிச் சொல்லுடா. அவ கழிச்சுப் பாத்துக்கட்டும்" என்றேன்.

"ரெண்டு கூட்டவா?"

"ரெண்டு கூட்டினா அங்க போய் நிக்கிறவன் கண்ணுக்கு ஒன் படகு தெரியும். ஒன்பது கூட்டு."

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயைப் பிளந்தான். "படிச்சவ படிச்சவதான்" என்று மாமாவிடம் போய்ச் சொன்னான். எங்கள் கடலில் வடக்கு எண் பதினொன்று என்றுதான் தொடங்கும், அதன் பின்பகுதியில் ஒன்று கூடினால் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பது என்றால் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் வடக்கே. கெட்டிக்காரத்தனமாக யோசித்துத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மீன்குழம்பு சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் வலை விட்டதும் அவன் ஒருமுறை எண்ணைச் சொல்வான். அவள் ஒன்பதைக் கழித்து அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பாள். அவன் கரைக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். வீட்டுக்குள் இந்தக் கணக்கு அவனுக்கும் மாமாவுக்கும் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஆடி மாதம். மேல்காற்று அடிக்கிற காலம். கச்சான் என்பார்கள் அதை. நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும், படகை வெளியே வெளியே தள்ளும். நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, எஞ்சின் நின்னுபோச்சாம். காத்து ஏறிடுச்சு, ஆளுங்கள அனுப்புன்னு சொன்னாரு. வடக்கு எண்ணு பதினொன்னு பன்னெண்டுன்னு சொன்னாரு. திருப்பிக் கேக்கறதுக்குள்ள சத்தம் நின்னுருச்சு."

பின்னால் ஆட்களின் குரல் கேட்டது. ஊர்ப் பஞ்சாயத்தார் வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். காற்றுக்கு பயந்து முக்கால்வாசிப் படகுகள் மேடேறிவிட்டன. இரண்டு படகுகள்தான் போகத் தயாராக இருந்தன. பிரிந்து தனித்தனியாகப் போகிற காற்று அது இல்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்டு நின்றார்கள்.

"இது கூட்டுன எண்ணா, நெசமா அண்ணி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நெசந்தான். உசுருக்கு ஆபத்துன்னு கூப்புடுறவன் ஒக்காந்து கூட்டிக்கிட்டு இருப்பானா? சொன்ன எடத்துக்கே போகச் சொல்லு."

"இல்ல அண்ணி. அவருக்குக் கூட்டாம சொல்லவே வராது. தெனம் அப்படியே சொல்லிச் சொல்லி..."

"நான் மாட்டுன செட்டு, நான் சொல்லிக்குடுத்த கணக்கு. எனக்குத் தெரியாதா? நேரத்தக் கடத்தாத. நீரோட்டமும் வடக்கதான் இழுக்குது. போகச் சொல்லு."

"சரி அண்ணி, நீங்க சொன்னா சரி" என்றாள்.

எல்லாம் உறுதியாகத் தெரிந்துதான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் இருந்தது. வாசலில் ஊரே நிற்கும்போது, ஒன்பதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிவிட்டால் அந்த ரகசியம் அன்றோடு போயிற்று. நாளைக்கு அவன் வந்து, ஏன் சொல்லவிட்டாய் என்று என்மேல் எரிந்து விழுவான். ஏணிமேல் நின்றபடி அது என் புத்தியில் ஒரு கணம் வந்து போனது. வந்தது உண்மை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏணியை விட்டு இறங்கி, கருவிகளைக்கூட எடுக்காமல் பஸ் பிடித்தேன். மயிலாடுதுறையில் மாறி ஊர் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு படகுகளும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியிருந்தன. கடலோரக் காவல்காரர்களுக்கும் அதே எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். காற்றில் தள்ளிப் போயிருப்பான், இன்னும் கிழக்கே தேட வேண்டும் என்றேன். அப்போதும் என் வாய் ஓயவில்லை.

விடிந்ததும் தம்பி மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கரைக்குப் போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை ஆம்பிளைகள் நடுவில், உரக்கச் சொன்னாள்.

"பன்னெண்டு இல்ல. மூணு. பதினொன்னு மூணு. ஒன்பது கூட்டித்தான் சொல்லுவாரு. அங்க போங்க."

போனார்கள். அந்த எண் சொன்ன இடத்திலிருந்து கொஞ்சம் கிழக்கே படகு கவிழ்ந்து மிதந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேனோடு கயிற்றால் கட்டப்பட்டு மாமா கிடந்தார், உயிர் இருந்தது. தம்பி இல்லை. விடியற்காலை ஓர் அலையில் படகு கவிழ்ந்ததாம். இருந்த ஒரே கேனை மாமாவின் இடுப்பில் கட்டியது அவன்தான் என்று ஆஸ்பத்திரியில் மாமா இரண்டே வார்த்தையில் சொன்னார். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது.

தம்பி மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரியத்துக்கு வந்தவர்களுக்கு எல்லாம் என் கையால்தான் காப்பி கொடுக்கச் சொன்னாள். பிள்ளைகளை என் மடியில் உட்கார வைத்தாள். திட்டு, மண்ணை வாரி இறை, தலைமயிரைப் பிடித்து இழு என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள் என்னை "அண்ணி" என்றுதான் கூப்பிட்டாள், முன்பு கூப்பிட்ட அதே குரலில். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஏன் கூட்டிச் சொன்னான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சாகிற நேரத்தில்கூட ஒரு பாறையைக் காப்பாற்றவா பார்த்தான்? அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பழக்கதோஷம், நாக்கு தன்னால் சொல்லிவிட்டது என்று ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அப்படியென்றால் தப்பில் பாதி அவனுடையது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு பதினாறு நாளைத் தள்ளினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் மாமா வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நானும் தம்பி மனைவியும் பக்கத்தில் இருந்தோம். அவர் என்னைத்தான் பார்த்துப் பேசினார்.

"வாக்கி-டாக்கியில சொல்லி முடிச்சதுமே கேட்டுட்டேன் பாப்பா. ஏண்டா இப்பவும் கூட்டிச் சொன்னன்னு. அக்காகிட்ட கேக்காம இவங்க கெளம்ப மாட்டாங்க மாமா, அக்கா கழிச்சு சரியா அனுப்பும்னான். நங்கூரம் போட்டு நின்னோம். பொழுது எறங்குற நேரத்துல காத்து கொஞ்சம் தெக்க திரும்புச்சு. பாய விரிச்சா சாய்ச்சுச் சாய்ச்சுக் கரையப் புடிச்சிருக்கலாம். நான் கயித்தக்கூட அவுத்துட்டேன். அவன் வந்து என் கையப் புடிச்சான்."

மாமா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்.

"வேணாம் மாமா, எடத்த விட்டு நகந்தா அக்காவோட கணக்கு தப்பிப்போயிடும்னான்."