மதிலுக்கு மேல் தெரிந்த தார்ப்பாய்

துபாயில் ஒரு வில்லா குடியிருப்பின் அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்தேன். பின்முற்றக் கட்டுமானம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இரைச்சல், குப்பை, உயரம் என்று வரிசையாகச் சரிபார்ப்பேன். அனுமதி வாங்காத எதுவும் மதிலுக்கு மேல் தெருவுக்குத் தெரியக் கூடாது.

ஒரு ஜூலை மதியம். அனுமதி வாங்கிய வீட்டில் நிழற்பந்தல் அமைக்க வந்த நம்மூர் ஆட்கள், மதிய ஓய்வுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அது மதிலைத் தாண்டித் தெரிய, பக்கத்து வீட்டார் புகார் செய்துவிட்டார்கள்.

“அண்ணே, இதை இறக்கிக் கட்டுங்க. இல்லன்னா வேலையையே நிறுத்திருவாங்க.”

மேஸ்திரி சிரித்தார். “மதிலு நெஞ்சு உயரந்தான் தங்கச்சி. அதுக்குக் கீழ கட்டினா காத்தே வராது. தவழ்ந்துதான் போகணும்.”

ஆனாலும் இறக்கினார்கள். நான் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன்.

“இப்பத் தெரியுதா தங்கச்சி?” உள்ளிருந்து அவர் குரல்.

“ஒண்ணும் தெரியலண்ணே” என்றேன்.