பத்து வயசு தாண்டாத கார்

பத்து. இந்த எண்ணை மறந்துடாதீங்க.

வாடகை வண்டிக் கம்பெனி போட்ட சட்டம் அது. சொந்தக் காரோட வர்றவனுக்குத்தான் வேலை. அந்தக் காருக்கு பத்து வயசு தாண்டியிருக்கக் கூடாது. ஓட்ட வர்றவனுக்கு அம்பத்தி மூணு வயசு. அதை யாரும் கேக்கல.

ஓட்டப் போனவனை நாங்க எல்லாரும் மூக்குன்னுதான் கூப்பிடுவோம். பஸ்ஸுக்கு பாடி கட்டுற ஃபேக்டரியில, பெயிண்ட் ஷாப்புல இருபத்தி ரெண்டு வருஷம். பெயிண்ட்ல தின்னர் ஒரு கரண்டி கூடிப்போனாலும் வாசல்ல நின்னே சொல்லிடுவான். கடைசி நாலு வருஷமா அந்த மூக்குக்கு எந்த வாசனையும் தெரியல. முகமூடி கேட்டு ஏழு தடவை மனு கொடுத்தோம். கைக்குட்டை கொடுத்தாங்க. வாசனை போயிடுச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு.

அங்க சங்கம் வெச்சது நான். மூக்கு எங்க பேச்சுவார்த்தைக் குழுவுல இருந்தவன். நிர்வாகத்தோட பேசப் போனா எங்களுக்கு ரெண்டு விதி. நான்தான் நோட்டீஸ் அடிச்சு சாப்பாட்டு ரூம் சுவத்துல ஒட்டினேன். முதல் விதி, தேவையை முன்னாடி சொல்லு, தொகையைப் பின்னாடி சொல்லு. வாடகை எவ்வளவு, வீட்டுல எத்தனை பேரு, மருந்துக்கு எவ்வளவு, எல்லாம் முதல் பக்கத்துலயே இருக்கணும். அடுத்தது, ரெண்டு பேராப் போ. ஒருத்தன் பேசணும், ஒருத்தன் எழுதணும். எழுதுறவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா பேசுறவன் பலம் பாதியாயிடும்.

இதை வெச்சு மூணு தடவை சம்பளம் ஏத்தினோம். அப்புறம் ஃபேக்டரியையே மூடிட்டாங்க. அதுக்கு எங்ககிட்ட விதி எதுவும் இல்லை.

கணக்கு முடிச்சு மூக்கு கைக்கு வந்தது மூணு லட்சத்து அறுபதாயிரம். பதினாலு மாசம் வேலை தேடினான். அந்தப் பணத்தை அவன் சம்சாரம் தொடவே விடல. அவ தையல் மிஷின்லதான் வீடு ஓடிச்சு. இப்போ ஊசியில நூல் கோக்கறதுக்கு அவளுக்குக் கண்ணு தெரியல, பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுறா. அந்த நேரத்துலதான் வாடகை வண்டிக் கம்பெனியில இருந்து தகவல் வந்துச்சு. திங்கக்கிழமை காலையில காரோட வரணும், இல்லைன்னா அடுத்த ஆளு.

சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். "தோழர், நீங்க கூட வாங்க. நான் பேசறேன், நீங்க எழுதுங்க."

பழைய கார் விக்கிற இடம் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாடி. தகரக் கூரைக்கு அடியில முப்பது கார் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னுச்சு. முன் கண்ணாடியில வெள்ளை மார்க்கர்ல விலை. பத்து வயசுக்குள்ள, அவன் கைக்கு எட்டுற மாதிரி இருந்தது ரெண்டே கார்தான். வெள்ளை ஒண்ணு, ஏழு வயசு, கண்ணாடியில நாலு லட்சத்து பத்தாயிரம். நீலம் ஒண்ணு, அதுக்கு விலையே எழுதல.

கிளம்பறதுக்கு முன்னாடி நாலு கடைக்கு ஃபோன் போட்டு விசாரிச்சிருந்தேன். அந்த வெள்ளை மாடல் அடிச்சுப் பேசினா மூணு அம்பதுக்குப் படியும். எடுத்துட்டா மூணு வருஷம் பொழப்பு.

மூக்கு வெள்ளைக் காரோட பானெட்ல விரல் நுனியை வெச்சு மெதுவா இழுத்தான். கதவு ஓரமா விரல் முட்டியால தட்டிக்கிட்டே போனான். "யாரும் கை வைக்காத பெயிண்ட், தோழர். ஃபேக்டரியில அடிச்சபடியே இருக்கு." பதினாலு மாசத்துல அவன் முகத்துல சிரிப்பை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

நீலத்தோட இடது கதவைத் தட்டினான். டொக்குன்னு கேட்டுச்சு. "உள்ள பூரா பட்டி, நசுங்கின இடத்தைப் பூசி மறைச்சிருக்காங்க. இது எங்கேயோ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கு."

வியாபாரி கண்ணாடி ரூம்ல உக்காந்திருந்தான். நாற்பது வயசு இருக்கும். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான். "உக்காருங்கண்ணே. எது மனசுக்குப் புடிச்சுது?"

நான் நோட்டைத் திறந்தேன். மூக்கு தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலை எனக்குத் தெரியும். நிர்வாகத்துக்கு முன்னாடி செருமுறது.

"முதல்ல என் நிலைமையைச் சொல்லிடறேன்"னு ஆரம்பிச்சான்.

எல்லாத்தையும் சொன்னான். வேலை போனது, பதினாலு மாசம், சம்சாரம் கண்ணு, பத்து வயசு சட்டம், திங்கக்கிழமை காலை. ஒண்ணு விடாம, வரிசையா, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. கடைசியா தொகை. "என்கிட்ட இருக்கறது மூணு அறுபது. அதுக்கு மேல ஒரு பைசா புரட்ட வழியில்ல."

நான் எழுதிக்கிட்டு இருந்தேன். நிறுத்துடான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எழுதுறவன் பேசக் கூடாது. பேசல.

வியாபாரி கையில இருந்த ஃபோனைக் கவுத்து வெச்சான். "கேக்கவே கஷ்டமா இருக்குண்ணே." பொய் இல்ல, நிஜமாவே கஷ்டப்பட்டான். அப்புறம் முன்னாடி இருந்த கால்குலேட்டரை ஓரமா தள்ளினான். இனிமே அவனுக்கு அது தேவைப்படல.

"வெள்ளை நாலு பத்துண்ணே. குறையாது."

"வெளியில மூணு அம்பதுக்குக் கிடைக்குது."

"கிடைக்கட்டும்ணே. இன்னிக்கி சனி, கடை மூடுற நேரம். நாளைக்கு எல்லாக் கடையும் லீவு. திங்கக்கிழமை போகட்டும்னு செவ்வாய்க்கிழமை வந்தீங்கன்னா நாமளும் உக்காந்து பேசலாம்."

மூக்கு நீலக் கார் நின்ன பக்கம் பார்த்தான்.

"நீலம் இருக்கே. ஒம்போது முடிஞ்சு பத்து நடக்குது, உங்க கம்பெனி எடுத்துக்கும். மூணு அறுபதுக்கே கொடுக்கறேன்."

"கதவு பூரா பட்டி."

"ஏற வர்றவன் கதவைத் தட்டிப் பாத்துட்டா ஏறுவான்?"

"மூணு இருபது தரேன்."

"மூணு அறுபது இருக்குன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க."

மூக்கு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் காலத்துல நிர்வாகத்தோட பேச்சு முட்டிக்கிட்டு நின்னா இப்படித்தான் பார்ப்பான். அப்பல்லாம் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியில ஆயிரத்து நானூறு பேரு நின்னுக்கிட்டு இருப்பாங்க. தேவையைச் சொன்னது நாங்க, கேக்க வெச்சது அவங்க. நோட்டீஸ்ல அந்த வரியை நான் எழுதாம விட்டுட்டேன்.

அப்பதான் நோட்டை மூடினேன். "வாப்பா, கிளம்பலாம்."

"எங்க தோழர்?"னு கேட்டான்.

வியாபாரி ரசீது புக்கை எடுத்துட்டான்.

வீட்டு வாசல்ல காரை நிறுத்தினதும் அவன் சம்சாரம் வந்து சுத்திப் பார்த்தா. அவளும் பெயிண்ட்காரன் பொண்டாட்டிதான். இடது கதவுல கை வெச்சதும் கையை எடுத்துட்டா.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"இருந்தது எல்லாம்"னான் மூக்கு.

என் பக்கம் திரும்பினா. "அண்ணே, நீங்களும் கூடத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன்மா."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எழுதிட்டிருந்தேன்."

அவ உள்ள போயிட்டா. கொஞ்ச நேரத்துல மிஷின் சத்தம் கேட்டுச்சு.

திங்கக்கிழமை கம்பெனியில அவனைச் சேத்துக்கிட்டாங்க. கார் ஃபேக்டரியை விட்டு வெளியில வந்த தேதியைப் பார்த்து, குமாஸ்தா அட்டையில ஒரு எண்ணை அடிச்சு, முன் கண்ணாடியில ஒட்டச் சொன்னான். பத்து வயசு முடிய இன்னும் எத்தனை நாள்னு.

இருநூத்தி முப்பத்தெட்டு.