வராந்தாவில் சொன்னது

எங்கள் கூட்டத்தில் பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது முதல் விதி. அந்த விதியைப் போட்டவளே நான்தான் என்பதால் மீறவும் வழியில்லை. ஆனால் இப்போது எழுதப்போவது அறைக்குள் நடந்ததல்ல, வராந்தாவில் நடந்தது. சம்பந்தப்பட்டவரிடமும் கேட்டுவிட்டேன். "வராந்தாவுல பேசுனதுதான டீச்சர்? போறவன் வாரவன் எல்லாம் கேட்டான். தாராளமா எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்" என்றார். ஆகவே பேர் கிடையாது. மற்றதெல்லாம் உண்டு.

திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற மறைக்கல்வி அறை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் அங்கே கூடுகிறோம். கூடுகிறோம் என்று என்னையும் சேர்த்துச் சொல்கிறேனே தவிர, நான் குடித்ததில்லை. என் வீட்டுக்காரர் குடித்தார். அதை நிறுத்த அவர் பட்ட பாட்டையும், அவரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டையும் பார்த்த பங்குச் சாமியார், "உங்க ரெண்டு பேரையும் வச்சே ஒரு கூட்டம் ஆரம்பிச்சிரலாம் டீச்சர், இன்னும் நாலு பேரு தானா வருவாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் எனக்கு. அதனால் நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் வீட்டுக்காரர் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு, நிரந்தரத் தலைவர் மாதிரி எல்லாரையும் வரவேற்பார்.

நடைமுறை எளிது. முதலில் ஜெபம், பிறகு ஆளுக்கொரு சுதியில் ஒரு பாட்டு. அதற்குப் பிறகு பைபிள் கை மாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, புத்திமதி சொல்லவே கூடாது. பேச மனசில்லை என்றால் பைபிளைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிடலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம். புத்திமதி சொல்லக் கூடாது என்ற விதியால் அதிகம் கஷ்டப்படுகிறவள் நான்தான். இத்தனை வருஷம் ஆசிரியையாக இருந்தவளுக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை.

நான் சொல்ல வந்தவர் சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிவருகிறவர். குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன லாரி அவருடையது. ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார். குடிப்பதையும் நிறுத்தியிருந்தார். ஆனால் ஒருநாள்கூடப் பேசியதில்லை. பைபிள் கைக்கு வந்ததும் சுடுகிற பாத்திரத்தை வாங்கியவர் போலப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு நாள் மற்றவர்கள் அழுததையெல்லாம் கேட்டவர் தன் பங்குக்கு ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போவார் என்று வீட்டில் வந்து புலம்புவேன். "சும்மா விடு. அவரு வந்து உக்காந்திருக்கிறதே பெருசு" என்பார் என் வீட்டுக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த வண்டிக்காரரின் மனைவி என்னைத் தேடி வந்தாள். கையோடு என்னை மாதா சொரூபம் இருக்கிற கெபிப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனாள். அவர்களுக்கு ஒரே மகள், தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கிற பெண் தன் அண்ணனுக்கு இவளைக் கேட்கிறாளாம். வடமதுரைப் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கிற குடும்பம், நம் வேதக்காரர்கள்தான். பெரியவர்கள் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. விசாரித்துவிட்டு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏற்கெனவே ஒரு எடம் இவரு குடிச்ச கதை தெரிஞ்சுதான் தட்டிப் போச்சு டீச்சர். எம் மக வாய தொறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. இந்த எடமும் போச்சுன்னா அவ கல்யாணமே வேணாம்னுருவா. கல்யாணம் முடியுற வரைக்கும் இவரு இங்க வர வேணாம்."

"இங்க வரலைன்னா எங்க போவாருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அவளே வழி சொன்னாள். "அப்படின்னா உள்ள உக்கார வேணாம். வெளிய டீ போட்டுக் குடுக்கட்டும். யாராவது கேட்டா, கோயில்ல டீ போடப் போறாருன்னு சொல்லிக்கிறோம்."

"பொய் சொல்ல என்னக் கூப்பிடாதீங்க."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர். பேசாம இருந்தாப் போதும்."

பேசாமல் இருப்பதுதான் எனக்கு வராத வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அவருக்கோ ஒரே சந்தோஷம். வராந்தாவில் அடுப்பு, பால் பாத்திரம், இஞ்சி, ஏலக்காய் என்று ஒரு கடையே போட்டுவிட்டார். தட்டு நிறைய சிறுமலைப் பழம் வேறு. கதவு திறந்தே இருப்பதால் உள்ளே பேசுவது அவருக்கு ஒன்றுவிடாமல் கேட்கும். பைபிள் கடைசியாக வாசல் பக்கம் வரும்போது நான் எட்டிப் பார்ப்பேன். "பால் பொங்குது டீச்சர்" என்பார். வாராவாரம் சரியாக அவர் முறை வரும்போதுதான் அந்தப் பால் பொங்கியது.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஜெபம் முடிந்து ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வெள்ளை வேட்டி சட்டை, மேல் துண்டு. நான் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். பெரியவர் கும்பிட்டுவிட்டு, சாமியாரைப் பார்க்க வடமதுரையிலிருந்து வந்ததாகவும், அவர் எரியோட்டுக்குப் பூசை வைக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள் என்றும் சொன்னார். வடமதுரை என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மாப்பிள்ளையின் அப்பா. கூட வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

தாய்மாமன் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "இங்க குடிகாரங்களுக்கு ஏதோ கூட்டம் நடக்குதாமே டீச்சரம்மா. வாழைத்தார் வண்டி ஓட்டுறவரு ஒருத்தரு வாராரா?"

"இங்க யாரு வாராங்க, யாரு வரலைன்னு நான் யார்ட்டயும் சொல்றதில்ல."

"அப்ப வாராருன்னுதான அர்த்தம்?"

ஆமாம் என்றால் விதி போச்சு. இல்லை என்றால் கோயில் வளாகத்தில் நின்றுகொண்டு பொய். பேசாமல் இருந்தாலோ அதுவே ஆமாம் என்று ஆகிவிடுகிறது. அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் நாக்கு நுனியில் நிற்பதாகத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். அறை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் தட்டில் இரண்டு டம்ளர் டீயோடு வந்து நின்றார். வந்தவர்கள் யார் என்று அவருக்கும் புரிந்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டார்கள். தாய்மாமன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இந்தக் கோயில்பிள்ளைதான? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. அந்த வண்டிக்காரரு எப்படி ஆளு?" என்றார்.

கோயில் வேலை பார்க்கிறவர் என்று நினைத்துவிட்டார். வண்டிக்காரரின் மனைவி போட்ட திட்டம், அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பலித்துவிட்டது. "நல்ல மனுசருங்க, டீ காப்பி தவிர ஒண்ணும் தொட மாட்டாரு" என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் மறுத்திருப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவர் தட்டை வராந்தாத் திண்டில் வைத்தார். "டீயக் குடிங்க, செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். பேச்சை நிறுத்தி உட்கார்ந்திருந்தவரிடம் கையை நீட்டிப் பைபிளை வாங்கினார். வெளியே வந்து, அவர்களுக்கு எதிரே படியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியவர் பதறிப்போனார். "அய்யய்யோ, சத்தியமெல்லாம் வேணாங்க!"

"சத்தியம் இல்லைங்கய்யா. இங்க பேசுறவங்க கையில இது இருக்கணும். அப்படி ஒரு பழக்கம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த வண்டிக்காரன் நான்தான்."

தாய்மாமனின் டம்ளர் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது.

"குடிச்சவன்தாங்கய்யா. கொஞ்சநஞ்சமில்ல. சிறுமலை ரோட்டுல அம்புட்டு வளைவையும் போதையில திருப்பியிருக்கேன். எம் மக மொத மொதல்ல நற்கருணை வாங்குற புதுநன்மை அன்னைக்கு, வெள்ளைக் கவுனு போட்டு, கையில மெழுகுதிரியோட வரிசையில நிக்கிறா. நான் பூமாலை வாங்கப் போறேன்னு போயி, குடிச்சிட்டு வந்து, இந்தா இந்த வாசல்லதான், மழைத்தண்ணிச் சேத்துல விழுந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. எம் புள்ள வரிசைய விட்டு ஓடியாந்து என்னத் தூக்குனா. கவுனெல்லாம் சேறு. அந்தக் கவுனோடயே போயித்தான் நன்மை வாங்குனா. அதுக்கப்புறம் கோயிலுக்கு அவ எங்கூட நடந்து வந்ததில்ல. முன்னாடி போயிருவா. அப்பவும் நான் நிறுத்தலைங்க. இங்க வர ஆரம்பிச்ச பெறகுதான் நிறுத்துனேன். இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். அந்தச் சத்தியம் நெறையப் பண்ணியாச்சு. இன்னைக்குக் குடிக்கல. அதுதான் சொல்ல முடியும்."

பெரியவரை நிமிர்ந்து பார்த்தார். "எம் மக தங்கமான புள்ளங்க. எனக்குப் பொறந்தான்னு அவளக் குறைச்சுப் பாத்துராதீங்க."

இத்தனை நாள் நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. கேட்டபோது ஏன் காத்திருந்தோம் என்று இருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் விறுவிறுவென்று முன்னால் நடந்து போவதையும், இவர் பின்னால் வருவதையும் நானே பார்த்திருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் அவசரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வாரோம் டீச்சரம்மா" என்று கும்பிட்டுவிட்டு இருவரும் போய்விட்டார்கள். திண்டில் ஒரு டம்ளர் காலியாக இருந்தது, இன்னொன்றில் டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதை வைத்து நான் ஏதேதோ கணக்குப் போட்டேன். அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.

மறுநாள் பூசை முடிந்ததும் அவர் மனைவி என்னை ஒரு பிடி பிடித்துவிட்டாள். "பேசாம இருங்கன்னுதான சொன்னேன்? எம் மக வாழ்க்கைய வச்சா இவரு பாவத்தயெல்லாம் சொல்ல வச்சுப் பாவசங்கீர்த்தனம் நடத்துவீங்க?" நான் பேசாமல்தான் இருந்தேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் கோபம் நியாயமானது. அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை வந்தது. வராந்தாவில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. ஜெபம் முடிந்தது, பாட்டு முடிந்தது, அவரைக் காணவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனம் உடைந்த ஆள் எந்தக் கடைப் பக்கம் போவார் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு தேடக் கிளம்பிவிட்டார்.

வாசல் தாண்டுவதற்குள் திரும்பி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கெபியைத் தாண்டி வண்டிக்காரர் பால் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தார். பக்கத்தில், அதே நடையில், மகள். ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"வேலை முடிஞ்சு வர நேரமாயிருச்சு டீச்சர். நான் வர்ற வரைக்கும் அப்பாவ நிக்கச் சொன்னேன்" என்றாள். வடமதுரையிலிருந்து காலையில் போன் வந்ததாம். "விசாரிச்ச எடத்துல எல்லாம் நல்ல குடும்பம், நல்ல குடும்பம்னாங்களாம். அவங்களுக்கு நம்பிக்கையே வரலையாம். அப்பா உள்ளதச் சொன்ன பெறகுதான் வந்துச்சாம். நாளைக்கு வீட்டுக்கு வாராங்க." தாய்மாமன் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாராம், வரமாட்டாராம். போகட்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "சரி சரி, அடுப்பப் பத்த வைங்க" என்று அதட்டினேன்.

அவர் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். மகள் பக்கத்து நாற்காலியில். பைபிள் சுற்றி அவர் கைக்கு வந்தது. வழக்கம்போலப் பக்கத்தில், மகளிடம், தள்ளினார். "போன வாரமே பேசிட்டேன்ல டீச்சர்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மகள் கூட்டத்தில் இல்லாதவள், அவளிடமிருந்து வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள்.

அவள் பேசியது அறைக்குள். அதனால் எழுத மாட்டேன். வராந்தாவில் பால் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது, அவர் உட்பட ஒருவரும் எழுந்து போகவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். அது வெளியே நடந்தது.