அண்ணன் கையில் ஒரு முழக் கயிறு

எங்கள் கடற்கரையில் சங்கு எடுக்க மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவன். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பங்காளியின் கை அசந்துபோகலாம், கூலிக்கு வந்தவன் பேச்சு சுவாரசியத்தில் கவனம் பிசகலாம். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான். என் அண்ணன் இனிகோ அப்படித்தான் எனக்குக் கல்யாணம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் அம்புரோஸின் கயிற்றை வாங்கிக்கொண்டான்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் கோளாறு. தலை நனைந்தால் இரண்டு நாள் படுத்துவிடுவான். கடல்காரன் வீட்டில் பிறந்தும் கழுத்துக்கு மேல் கடல்தண்ணீர் படாமல் வளர்ந்த ஒரே ஆள் தூத்துக்குடியில் அவனாகத்தான் இருக்கும். புரோட்டா என்றால் உயிர். தொப்பையும் அதற்குத் தக்கபடி. சிரிப்பதற்குக் காசு கேட்கிறவன் மாதிரி ஒரு முகம்.

ஆனால் கயிறு கைக்கு வந்துவிட்டால் அவன் வேறு ஆள். வள்ளத்தில் மற்றவர்கள் கதை பேசுவார்கள், செல்போனில் பாட்டு கேட்பார்கள். இவன் விரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். தனக்கு மகன் பிறந்த செய்தி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதுகூட, மாப்பிள்ளை மேலே வரட்டும் என்று அடிக்கவிட்டான். மதினி அதை இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை.

கீழேயிருந்து கயிறு ஒரு சுண்டு சுண்டினால் தூக்க வேண்டும். என்ன, ஏது என்று யோசிக்க நேரம் கிடையாது. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியதுதான். அம்புரோஸின் தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்பான்.

"மாப்ள, மூச்சு இருக்கா?"

"இருக்கு மச்சான்."

இதைக் கேட்டபிறகுதான் எத்தனை சங்கு என்று பார்ப்பான். இருபது வருஷம் இப்படி ஓடியது. கரையில் இருந்த நான் அந்த இருபது வருஷமும் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் அதற்கு அண்ணன்தான் காரணம்.

பிறகு என் வீட்டுக்காரருக்குக் கண் போனது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். தெரியவந்தபோது நேரம் கடந்திருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது. கடலுக்குப் போவது அத்தோடு நின்றது. ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மாதா கோயில் பூசைக்குக்கூட வரமாட்டார். நாலு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது அவருக்குப் பிடிக்கவில்லை. மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடலுக்கு அனுப்பிவிட்டுப் பயப்படாத நான், அந்த நாற்காலியைப் பார்த்துப் பயந்தேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அனுஜாதான் வழி கண்டுபிடித்தாள். கண் தெரியாதவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்களாம். பக்கத்தில் ஒரு வழிகாட்டி ஓடுவாராம். இருவர் கைக்கும் நடுவில் ஒரு சின்னக் கயிறு இருக்குமாம். இதை அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் குசினியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"கயிறுன்னா நான்தானே பிடிக்கணும்" என்றான்.

அனுஜா நல்ல பட்டையாக ஒன்று வாங்கி அனுப்பினாள். அண்ணன் அதைத் தொடவில்லை. பழைய இடுப்புக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். அந்த முடிச்சைத் தொட்டுப்பார்த்தபிறகுதான் என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

விடியற்காலையில் பீச் ரோட்டில் இருவரும் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். அண்ணன் மூச்சிரைப்பது நாலு வீடு தள்ளிக் கேட்கும். ஆனாலும் ஒருநாளும் நிற்கவில்லை. புரோட்டாவைக்கூட வாரம் ஒன்றாக்கினான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரியும். ஒரு வருஷம் போனது. என் வீட்டுக்காரர் மணி கேட்பதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவரே முதலில் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அனுஜா கொடைக்கானல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். சனவரி மாதம், மலைச்சாலை, இருபத்தொரு கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கணக்கு. தூத்துக்குடியில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். இருவரும் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

மலையில் பழகிய இளவயது வழிகாட்டி ஒருவரை அனுப்புவதாகப் பந்தயம் நடத்துகிறவர்கள் சொன்னார்கள். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதற்கு மாப்பிள்ளையைச் சம்மதிக்கச் சொல்லு, என்னால் அவர் ஓட்டம் கெட்டுப்போகக் கூடாது என்றான். நான் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேச்சை வளர்க்கவில்லை. மச்சான் இல்லாவிட்டால் தானும் இல்லை என்றார்.

முடியாமல் பாதியில் வெளியேற்றிவிட்டால் அவர் மறுபடி அந்த நாற்காலிக்குத்தான் போவார் என்று தோன்றியது. அப்புறம் எந்தக் கயிறும் அவரை எழுப்பாது.

கொடைக்கானலில் இறங்கியதும் குளிர் எங்களைப் பிடித்துக்கொண்டது. எங்களூரில் மார்கழி என்றால் மின்விசிறியை இரண்டில் வைப்போம், அவ்வளவுதான். அண்ணன் குரங்குக் குல்லாயும் இரண்டு சட்டையும் மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நின்றான். புறப்படும் இடத்தில் நடுவர் விதியைச் சொன்னார். வழிகாட்டி பக்கத்தில் ஓடலாம், வழி சொல்லலாம். ஓடுகிறவரை இழுக்கவோ தள்ளவோ கூடாது. ஒருமுறை எச்சரிக்கை, மறுமுறை வெளியே. இருவரும் தலையாட்டினார்கள்.

கடைசி ஏற்றத்துக்கு முந்திய வளைவில் தண்ணீர் கொடுக்க ஆள் குறைவு என்றார்கள். சும்மா நின்று நகத்தைக் கடிப்பதற்கு இதுவாவது செய்யலாம் என்று நான் போய் நின்றேன். அதற்கு முன்னால் நடந்தது அவர்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் இறக்கத்திலேயே வினை வந்தது. பீச் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் அண்ணனுக்கு மனப்பாடம், அதனால் என் வீட்டுக்காரர் ஒருநாளும் இடறியதில்லை. இங்கே தார் உடைந்த ஓரத்தில் அவர் கால் சறுக்கியது. கை தன்னால் கயிற்றைச் சுண்டியது. அண்ணனுக்கு அது மலையா கடலா என்று யோசிக்க எங்கே நேரம். இரண்டு கையாலும் சேர்த்து ஒரே தூக்கு. என் வீட்டுக்காரர் தரையிலேயே இல்லையாம். பைக்கில் பின்னால் வந்த நடுவர் பார்த்துவிட்டார். எச்சரிக்கை விழுந்தது.

அதற்குப்பிறகு அண்ணன் கயிற்றை இரண்டே விரலில் பிடித்துக்கொண்டு ஓடினான். முழுக் கையால் பிடித்தால் மறுபடி இழுத்துவிடுவோம் என்று அவனுக்கே பயம். கீழே விழுந்தாலும் சுண்டுவதில்லை என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். பள்ளம், மேடு, இடது, வலது என்று அண்ணன் வாய் ஓயாமல் சொன்னான். வாழ்நாளில் அவன் அவ்வளவு பேசியதில்லை.

நான் நின்ற வளைவுக்கு அவர்கள் வந்தபோது மூடுபனியில் முதலில் சத்தம்தான் வந்தது. அண்ணனின் மூச்சு. பிறகுதான் ஆள் தெரிந்தான். குல்லாய் எங்கேயோ போயிருந்தது. உதடு வெளுத்திருந்தது. தண்ணீரை நீட்டினேன், வாங்கக் கை எழவில்லை. கடைசி ஏற்றம் எதிரே நின்றது, நேரமும் அதிகமில்லை. நாலு எட்டு வைத்தான். உடம்பு பின்னால் சாய்ந்தது. அப்போது அவன் கை கயிற்றைச் சுண்டியது.

இருபது வருஷமாக அந்தச் சுண்டு ஒரு பக்கமிருந்துதான் வந்தது, கீழேயிருந்து மேலே. அண்ணன் ஒருநாளும் சுண்டியதில்லை. அவன் வள்ளத்தில் இருப்பவன், அவனுக்கு என்ன தேவை. இப்போது சுண்டினான். என் வீட்டுக்காரர் என்ன, ஏது என்று கேட்கவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, மேட்டைப் பார்த்து இழுத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நடுவரின் பைக் அவர்கள் பக்கத்திலேயே உருண்டது. நான் தண்ணீர் மேசையை விட்டுவிட்டுக் கூடவே ஓடினேன். நிறுத்துங்கள் என்று நடுவர் கையைக் காட்டினார், அது யாருக்குத் தெரியும். பிறகு வாயால் சொன்னார்.

என் வீட்டுக்காரர் நிற்காமலே பதில் சொன்னார். "சார், வழிகாட்டி இழுக்கப்பிடாதுன்னுதான சொன்னிய. நான் ஓடுதவன். எங்க மச்சானை நான் இழுக்கேன். அதுக்கு விதி இருந்தா சொல்லுங்க, நிக்கேன்."

அப்படி ஒரு விதியை யார் எழுதியிருக்கப் போகிறார்கள். பின்னாலிருந்து அண்ணன் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வார்த்தையாக, "நேரே... வலது... நேரே..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண் அவனுடையது, கால் இவருடையது. நடுவர் பைக்கை ஓரமாக ஒதுக்கினார்.

"போங்க" என்றார்.

நேரத்துக்குள் முடித்தார்கள். ரொம்ப முன்னாலும் இல்லை, கோட்டைக் கடந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது. அண்ணன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே கீழே போய், அவன் கையைக் கண்டுபிடித்து, பிறகு தோளை, பிறகு முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"மச்சான், மூச்சு இருக்கா?"

அண்ணன் அழுதான். அவன் அழுது நான் பார்த்தது எங்கள் அப்பா அடக்கத்தன்றுதான், அதற்குப்பிறகு அன்றுதான்.

"இருக்கு மாப்ள" என்றான்.

பதக்கம் என்று என்னமோ கழுத்தில் போட்டார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. மாதாவுக்கு நன்றி சொன்னேன். பிறகு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பிறவியில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் நீதான் என்று அவனிடமே சொன்னேன். அவன் வழக்கமான முகத்துக்குத் திரும்பி, ஏளா, இங்கன எங்கயாவது புரோட்டா கிடைக்குமா என்று கேட்டான்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த நாற்காலியை மாடியில் துணி காயப்போடும் இடத்துக்கு ஏற்றிவிட்டேன். அது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.